மதர்போர்டு எங்கே கையை விரிக்கும்? பிராசசரை ஓவர்கிளாக் செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டு கோர் பிராசசர் ஒன்றை 4.1 கிகாஹெர்ட்ஸில் நிறுத்த மூன்று வாரம் போராடியிருக்கிறேன். சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் ஓட ஆரம்பித்து நான்கு நிமிடம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அப்புறம் வேகம் சட்டென்று பாதியாகச் சரியும், சில நொடிகளில் மீண்டும் ஏறும், மறுபடி விழும். இத்தனைக்கும் பிராசசரின் வெப்பநிலை 72 டிகிரியைத் தாண்டவே இல்லை. கூலர் போதவில்லை என்று முடிவுகட்டி, இருந்த ஏர் கூலரைக் கழற்றிவிட்டு லிக்விட் கூலர் மாட்டினேன். பிராசசர் 64 டிகிரிக்கு இறங்கியது. ஆனால் நான்கு நிமிடத்தில் விழுந்த வேகம் இப்போது இரண்டரை நிமிடத்திலேயே விழுந்தது.

காரணம் பிராசசருக்கு ஓர் அங்குலம் தள்ளி இருந்தது. அந்த போர்டில் பிராசசருக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட்களின் மேல் ஹீட்சிங்க் கிடையாது. பழைய கூலரின் விசிறி வீசிய காற்று கொஞ்சம் அவற்றின் மேலும் பட்டுக்கொண்டிருந்தது. லிக்விட் கூலர் வந்ததும் அந்தக் காற்றும் நின்றுபோனது. மாஸ்ஃபெட்கள் கொதித்தன, போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிராசசரின் வேகத்தை இழுத்துப் பிடித்தது.

ஓவர்கிளாக், அதாவது பிராசசரை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டுவது என்றால், சிப்பின் தரத்தையும் கூலரின் அளவையும்தான் எல்லோரும் பேசுகிறோம். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் முதலில் கையை விரிப்பது மதர்போர்டு. அது எங்கே, எப்படித் தடுக்கும் என்பதை வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண்ணான மல்டிப்ளையரைத் தொடுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள். முதல் படியிலேயே முட்டிக்கொண்டால் மற்றவற்றுக்காகச் செலவழிக்கும் நேரம் வீண்.

படி 1: உங்கள் போர்டுக்கு அனுமதி இருக்கிறதா?

இன்டெல் பக்கம் விதி எளிது. மல்டிப்ளையரை உயர்த்த இரண்டு விஷயம் ஒன்றாக அமைய வேண்டும்: பெயரின் கடைசியில் கே, கேஎஃப் அல்லது கேஎஸ் உள்ள பிராசசர், இசட் வரிசைச் சிப்செட் (போர்டின் மற்ற பாகங்களை நிர்வகிக்கும் சிப்). இசட்490, இசட்590, இசட்690, இசட்790, இசட்890 எல்லாம் இதில் சேரும். பி660, பி760, எச்610 போன்ற போர்டுகளில் கே பிராசசரை மாட்டினால் அது வேலை செய்யும். ஆனால் மல்டிப்ளையர் பூட்டியே இருக்கும். பி560 முதல் பி வரிசையில் ரேமின் வேகத்தை மட்டும் கூட்ட இன்டெல் அனுமதித்திருக்கிறது. எச்610இல் அதுவும் கிடையாது.

ஏஎம்டி கொஞ்சம் தாராளம். ரைசன் பிராசசர்கள் பெரும்பாலும் திறந்தே வருகின்றன. ஏஎம்4 சாக்கெட்டில் பி350, பி450, பி550, எக்ஸ்370, எக்ஸ்470, எக்ஸ்570 சிப்செட்கள் ஓவர்கிளாக்கை ஏற்கும். ஏ320, ஏ520 ஏற்காது. ஏஎம்5இல் பி650, பி850, எக்ஸ்670, எக்ஸ்870 ஏற்கும். ஏ620, பி840 ஏற்காது. விதிவிலக்குகளும் உண்டு. 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி இரண்டிலும் மல்டிப்ளையர் பூட்டப்பட்டிருக்கிறது. அங்கே எவ்வளவு விலையுயர்ந்த போர்டும் அதை மாற்ற முடியாது. 2024இல் வந்த 9800எக்ஸ்3டியில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டார்கள்.

பூட்டிய பிராசசரை பேஸ் கிளாக் வழியாக, அதாவது மல்டிப்ளையர் பெருக்கும் அடிப்படைத் துடிப்பைக் கூட்டி, உயர்த்தலாமே என்று கேட்பீர்கள். அதன் இயல்பான அளவு 100 மெகாஹெர்ட்ஸ். 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா எல்லாமே இந்த ஒரே கடிகாரத்தைப் பின்தொடர்ந்ததால், சில மெகாஹெர்ட்ஸ் கூட்டினாலே ஹார்ட் டிஸ்க் காணாமல் போகும். 2015இல் ஸ்கைலேக் வந்தபோது அந்தப் பிணைப்பு விலகியது. உடனே சில போர்டுகளில் பூட்டிய பிராசசர்களையும் உயர்த்த வழி கிடைத்தது. சில மாதங்களிலேயே இன்டெல் அதை அடைத்துவிட்டது. 2022 தொடக்கத்தில் 12ஆம் தலைமுறையிலும் இதே மாதிரி ஒரு வாய்ப்பு வந்தது. தனியாக ஒரு கடிகாரச் சிப் பொருத்தப்பட்ட சில போர்டுகளில் மட்டுமே அது பலித்தது. ஏற்கெனவே கையில் அப்படி ஒரு போர்டு இருந்தால் சரி. இதை நம்பிப் புதிதாக வாங்காதீர்கள்; பயாஸ் என்ற போர்டின் உள் மென்பொருளுக்கு ஓர் அப்டேட் வந்தால் கதவு மூடிவிடும்.

படி 2: காகிதத்தில் ஒரு கணக்கு

பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ மொத்த விஷயத்திலும் இதுதான் முக்கியம்.

பிராசசர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் உயர்கிறது. 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டில் 150 வாட் எடுக்கும் பிராசசர் ஒன்றை வைத்துக்கொள்வோம். அதை 5.0 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோக 1.35 வோல்ட் தேவைப்படுகிறது. வேகம் 8.7 சதவீதம் கூடியது. வோல்டேஜ் 1.125 மடங்கு, அதன் வர்க்கம் கிட்டத்தட்ட 1.27. இரண்டையும் பெருக்கினால் 1.376. அதாவது 150 வாட் சுமார் 206 வாட் ஆகிவிட்டது.

இனி போர்டின் பார்வையில் பாருங்கள். போர்டுக்கு வாட்டைவிட ஆம்பியர்தான் சுமை. முன்பு 150 வாட்டை 1.20ஆல் வகுத்தால் 125 ஆம்பியர். இப்போது 206ஐ 1.35ஆல் வகுத்தால் 153 ஆம்பியர். மாஸ்ஃபெட்டில் கடத்தலால் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 153ஐ 125ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.5. ஆக, 8.7 சதவீத வேகத்துக்காக மாஸ்ஃபெட்களின் கடத்தல் வெப்பம் 50 சதவீதம் ஏறுகிறது. கடைசி 200 மெகாஹெர்ட்ஸ் ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

உங்கள் பிராசசருக்கு இதையே போட்டுப் பாருங்கள். இப்போது முழுச் சுமையில் எத்தனை வாட், எத்தனை வோல்ட் என்பதை எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பார்த்துக் குறித்துக்கொண்டு, எட்ட நினைக்கும் வேகத்துக்கும் வோல்டேஜுக்கும் கணக்குப் போடுங்கள். வரும் ஆம்பியர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: விஆர்எம்மைப் படிக்கக் கற்றுக்கொள்வது

பவர் சப்ளை தருவது 12 வோல்ட். பிராசசருக்கு வேண்டியது 1 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் மாற்றித் தருவது சாக்கெட்டின் இடப்பக்கமும் மேல்பக்கமும் அமைந்திருக்கும் விஆர்எம் என்ற பகுதி. சிறு சதுரப் பெட்டிகள் போல வரிசையாகத் தெரிபவை சோக்குகள். அவற்றை ஒட்டி, பெரும்பாலும் ஹீட்சிங்குக்கு அடியில் இருப்பவை மாஸ்ஃபெட்கள். சோக்குக்கு மறுபக்கம் உருளை வடிவில் நிற்பவை கெப்பாசிட்டர்கள். எல்லாவற்றையும் ஆட்டுவிப்பது பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் என்ற ஒரு சின்னச் சிப்.

ஒரு சோக்கும் அதன் மாஸ்ஃபெட்களும் சேர்ந்தது ஒரு ஃபேஸ். மொத்த மின்னோட்டத்தையும் ஃபேஸ்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. நம் 153 ஆம்பியரை 4 ஃபேஸ் சுமந்தால் ஒவ்வொன்றுக்கும் 38 ஆம்பியர். 12 ஃபேஸ் சுமந்தால் 13 ஆம்பியருக்கும் குறைவு. மாஸ்ஃபெட் ஒரே ரகம் என்று வைத்துக்கொண்டால், 4 ஃபேஸ் போர்டில் ஒவ்வொரு ஃபேஸிலும் கடத்தல் வெப்பம் 9 மடங்கு. மொத்தமாகப் பார்த்தால் 3 மடங்கு. அதுவும் சின்ன இடத்துக்குள் குவிகிறது.

பெட்டியில் 12+2 என்று அச்சடித்திருந்தால் முதல் எண்தான் கோர்களுக்கு உரியது. இரண்டாவது எண் பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர், கிராஃபிக்ஸ் போன்ற பகுதிகளுக்குப் போகிறது. அந்த 12ம் நிஜமான 12 ஆக இருக்க வேண்டியதில்லை. கன்ட்ரோலரால் 6 ஃபேஸ்தான் கொடுக்க முடியும் என்றால், டபுளர் சிப் போட்டு 12 ஆக்குவார்கள், அல்லது ஒரே சிக்னலில் இரண்டு இரண்டாக இணைத்து ஓட்டுவார்கள். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். வெப்பம் 12 இடங்களில் பரவுகிறது என்ற லாபம் உண்மையானது. ஆனால் பிராசசரின் தேவை திடீரென்று மாறும்போது ஈடுகொடுக்கும் வேகம், நிஜ 12 ஃபேஸ் அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மாஸ்ஃபெட்டின் ரகமும் எண்ணிக்கை அளவுக்கு முக்கியம். விலை குறைந்த போர்டுகளில் மேல்பக்க மாஸ்ஃபெட், கீழ்பக்க மாஸ்ஃபெட், அவற்றை இயக்கும் டிரைவர் எல்லாம் தனித்தனியாக இருக்கும். நல்ல போர்டுகளில் மூன்றும் ஒரே சிப்பாக இருக்கும். அதைப் பவர் ஸ்டேஜ் என்கிறார்கள். 50, 60, 90, 105 ஆம்பியர் என்று அவற்றுக்கு மதிப்பீடு உண்டு. 12 பவர் ஸ்டேஜ், ஒவ்வொன்றும் 60 ஆம்பியர், ஆகவே 720 ஆம்பியர் தாங்கும் என்று பெருக்கிவிடாதீர்கள். அந்த எண் ஆய்வகத்தின் உகந்த நிலையில் அளந்தது. மூடிய கேஸுக்குள் சிப் சூடேறியிருக்கும்போது அந்த அளவை எட்ட முடியாது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்குக்குள் ஓடினால் குளிர்ச்சியாக இருக்கும் என்ற கணக்கில் நான் நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் போர்டில் எந்த மாஸ்ஃபெட் என்று அறிய ஹீட்சிங்கைக் கழற்ற வேண்டாம். போர்டின் மாடல் பெயரோடு, பெட்டியில் உள்ள ரிவிஷன் எண்ணையும் சேர்த்துத் தேடினால் பிரித்துக் காட்டிய படங்கள் கிடைக்கும். ரிவிஷன் எண்ணை விட்டுவிடக் கூடாது. ஒரே பெயரில் வரும் போர்டின் பின்னாள் பதிப்பில் மாஸ்ஃபெட்களை மாற்றிவிடுவது நடக்கிறது.

அடுத்து ஹீட்சிங்க். சாக்கெட்டைச் சுற்றியுள்ள மாஸ்ஃபெட் வரிசைகள் எல்லாவற்றையும் அது மூடுகிறதா, ஒரு வரிசையை அம்மணமாக விட்டிருக்கிறதா? அது இதழ் இதழாக வெட்டிய கனமான உலோகமா, வழவழப்பான மெல்லிய தகடா? மேலே இருப்பது உலோகம்தானா, பிளாஸ்டிக் முகமூடியா? பளபளப்பான மூடி காற்றை உள்ளே விடாமல் வெப்பத்தை அடைத்துவைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 4: மின் இணைப்பும் காற்றும்

153 ஆம்பியர், 206 வாட் என்றோமே, விஆர்எம்மின் திறன் 90 சதவீதம் என்று வைத்தால் பவர் சப்ளையிலிருந்து அது சுமார் 229 வாட் இழுக்கிறது. 12ஆல் வகுத்தால் 19 ஆம்பியர். பிராசசருக்கென்றே உள்ள 8 பின் இபிஎஸ் இணைப்பில் 12 வோல்ட் கம்பிகள் நான்கு. ஆளுக்கு 5 ஆம்பியருக்கும் குறைவு, கவலையில்லை. 4 பின் மட்டுமே உள்ள போர்டில் கம்பிகள் இரண்டுதான், ஆளுக்கு 9.5 ஆம்பியர். பிளக் சூடாகி நிறம் மாறும் இடம் அது. அப்படிப்பட்ட போர்டில் பெரிய ஓவர்கிளாக்கை நினைக்கவே வேண்டாம். இரண்டாவது 8 பின் இருந்தால் செருகிவிடுங்கள். இல்லாவிட்டாலும் சாதாரணப் பயன்பாட்டில் குறையில்லை.

வித்தியாசமாக வந்த அந்த 23 வாட் எங்கே போகிறது? விஆர்எம்மிலேயே வெப்பமாக நிற்கிறது. ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவு வெப்பம், உங்கள் போர்டின் மேல் ஓயாமல். லிக்விட் கூலர் வைத்திருப்பவர்கள் கேஸின் மேல்பக்கமும் பின்பக்கமும் விசிறி வைத்து அங்கே காற்று ஓட வழி செய்ய வேண்டும்.

படி 5: பயாஸில் முதலில் உண்மையான இயல்புநிலைக்கு வாருங்கள்

பயாஸைப் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சில சாக்கெட்டோடு கருகிய பிறகு, எஸ்ஓசி வோல்டேஜுக்கு (மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்கான வோல்டேஜ்) 1.3 வோல்ட் என்று ஏஎம்டி வரம்பு கட்டியது பயாஸ் வழியாகத்தான். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜால் நிலைகுலைந்தபோது, 2024 ஆகஸ்டில் வந்த மைக்ரோகோட் (பிராசசரின் உள் கட்டளைத் தொகுப்பு) வோல்டேஜ் கோரிக்கையை 1.55 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தியது. பழைய பயாஸில் ஓவர்கிளாக் செய்வது இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் செய்வதற்குச் சமம்.

அந்த இன்டெல் விவகாரத்தில் போர்டு பற்றிய ஒரு பாடம் இருக்கிறது. நீங்கள் எதையும் தொடாத நிலைதான் இயல்புநிலை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பல போர்டுகள் பெட்டியிலிருந்து வரும்போதே மின் வரம்பை 4096 வாட் என்று வைத்து வந்தன. அதாவது வரம்பே இல்லை. 14900கே பிராசசருக்கு இன்டெல் சொல்வது பிஎல்1 (நீடித்த மின் வரம்பு) 125 வாட், பிஎல்2 (குறுகிய நேர வரம்பு) 253 வாட். ஆகவே இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ் என்ற தேர்வைப் போட்டு, மல்ட்டி கோர் என்ஹான்ஸ்மென்ட் போல போர்டு தானாகவே வரம்பை மீறும் தேர்வுகளை அணைத்து, உண்மையான தொடக்கப் புள்ளியை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

ஏஎம்டியில் மூன்று வரம்புகள்: மொத்த வாட்டுக்குப் பிபிடி, நீடித்த மின்னோட்டத்துக்கு டிடிசி, நொடிநேர உச்சத்துக்கு இடிசி. ஏஎம்4இன் 105 வாட் பிராசசர்களுக்கு இவை 142 வாட், 95 ஆம்பியர், 140 ஆம்பியர். ஏஎம்5இன் 170 வாட் பிராசசர்களுக்கு 230 வாட், 160 ஆம்பியர், 225 ஆம்பியர். பிபிஓ என்ற ஏஎம்டியின் தானியங்கி ஓவர்கிளாக் வசதியில் மதர்போர்டு லிமிட்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கும். போர்டு எவ்வளவு தாங்கும் என்று யாரோ அளந்து வைத்த எண் அது என்று நம்பிவிடாதீர்கள். எட்டவே முடியாத பெரிய எண்ணைப் போட்டு வைத்திருப்பார்கள். எண்ணை நீங்களே கையால் கொடுங்கள். முதலில் 10 சதவீதம் கூட்டினால் போதும்.

அப்புறம் எல்எல்சி என்கிற லோட் லைன் கேலிப்ரேஷன். சுமை ஏறும்போது வோல்டேஜ் இறங்குவது பழுதல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இன்டெல்லின் லோட் லைன் 1.1 மில்லி ஓம் என்றால், 150 ஆம்பியரில் 0.165 வோல்ட் இறங்கும். பயாஸில் 1.35 கொடுத்தால் சுமையில் 1.185தான் கிடைக்கும். நிலைக்கவில்லையே என்று வோல்டேஜை மேலும் ஏற்றுவதற்குப் பதில் எல்எல்சியைக் கூட்டி இந்த இறக்கத்தைக் குறைக்கலாம். ஆனால் முழுவதும் தட்டையாக்கிவிட்டால், சுமை சட்டென்று நீங்கும் கணத்தில் வோல்டேஜ் நீங்கள் கொடுத்ததற்கும் மேலே துள்ளும். அந்தத் துள்ளல் எந்த மென்பொருளிலும் தெரியாது, ஆஸிலோஸ்கோப்பில்தான் தெரியும். ஃபேஸ் குறைந்த போர்டில் துள்ளல் அதிகம். நடுத்தர நிலையோடு நிறுத்துங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்எல்சி நிலை எண்களுக்குப் பொது விதி கிடையாது. ஒரு நிறுவனத்தில் 1 என்பது மிகவும் மென்மையானது. இன்னொன்றில் அதே 1தான் மிகக் கடுமையானது. வேறு போர்டுக்கு யாரோ சொன்ன எண்ணை அப்படியே போடாதீர்கள். சும்மா இருக்கும்போதும் முழுச் சுமையிலும் வோல்டேஜைப் பார்த்து உங்கள் போர்டின் போக்கை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: வேகம் விழும் நேரத்தைப் பாருங்கள்

மல்டிப்ளையரை ஒவ்வொரு படியாக, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் சினிபெஞ்சை 10 நிமிடம் தொடர்ந்து ஓட்டுங்கள். இறுதியாக நிற்கும் வேகத்தில் ஓசிசிடி அல்லது ப்ரைம்95 என்ற சோதனை மென்பொருளை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். ப்ரைம்95இன் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனை விஆர்எம்மைக் கடுமையாக வாட்டும். ஹீட்சிங்க் இல்லாத போர்டில் அதை ஓட்டிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள்.

வேகம் விழுந்தால் பதறாமல் கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனையாவது நொடியில் விழுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

சுமை ஏறிய கணத்திலேயே வேகம் குறைந்தால் மின்னோட்ட வரம்பு: இன்டெல்லில் ஐசிசி மேக்ஸ், ஏஎம்டியில் இடிசி. 28ஆவது அல்லது 56ஆவது நொடியில், ஒவ்வொரு முறையும் அதே நொடியில், படிக்கட்டு போல ஒரே இறக்கமாக இறங்கி அங்கேயே நின்றால் அது இன்டெல்லின் பிஎல்2 நேரம் முடிந்து பிஎல்1க்கு வந்துவிட்டதன் அடையாளம். பயாஸில் ஓர் எண் மட்டுமே, வன்பொருள் பிரச்சினை இல்லை. இரண்டு நிமிடத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் விழுந்து, ஏறி, மறுபடி விழுந்து ரம்பப் பல் போல வரைபடம் வந்தால் விஆர்எம் சூடு. என் போர்டு அத்தனை நாளும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. வேகம் விழாமல் கம்ப்யூட்டர் அப்படியே அணைந்துபோனால், போர்டின் அல்லது பவர் சப்ளையின் மின்னோட்டப் பாதுகாப்பு குறுக்கிட்டிருக்கிறது. நீலத் திரை வந்தாலோ சோதனை பிழை காட்டினாலோ பெரும்பாலும் வோல்டேஜ் பற்றாக்குறை, இங்கேதான் சிப்பின் எல்லை வருகிறது.

எச்டபிள்யூஇன்ஃபோவில் பெர்ஃபார்மன்ஸ் லிமிட் ரீசன்ஸ் என்ற பகுதி இன்டெல் பிராசசர்களில் இதை உறுதிப்படுத்தும். மின் வரம்பு, ஐசிசி மேக்ஸ், விஆர் வெப்பம் என்று எந்த வரி யெஸ் என்று மாறுகிறதோ அதுவே காரணம். ரைசனில் பிபிடி, டிடிசி, இடிசி மூன்றும் சதவீதமாகத் தெரியும். 100ஐத் தொடுவது எது என்று பாருங்கள்.

ரைசனில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. வோல்டேஜ் பற்றாமல் போனால் பிராசசர் சில சமயம் நொறுங்காமல் கடிகாரத் துடிப்பை இழுத்து நீட்டிச் சமாளிக்கும். திரையில் 4.7 கிகாஹெர்ட்ஸ் என்றே நிற்கும், மதிப்பெண் மட்டும் குறையும். எஃபெக்டிவ் கிளாக் என்ற வரியைப் பார்த்தால் உண்மை வேகம் தெரியும். இன்னொன்று, போர்டே பிராசசரிடம் பொய் சொல்வது. ஓடும் மின்னோட்டத்தைக் குறைத்துச் சொன்னால் பிராசசர் வரம்பு இன்னும் வரவில்லை என்று நம்பி அதிகம் இழுக்கும். ஏஎம்4 போர்டுகள் சிலவற்றில் இது நடப்பது தெரியவந்ததும், 2020இல் எச்டபிள்யூஇன்ஃபோவில் பவர் ரிப்போர்ட்டிங் டீவியேஷன் என்ற அளவைச் சேர்த்தார்கள். இயல்பான செட்டிங்கில் முழுச் சுமை கொடுத்து அதைப் பாருங்கள். 100ஐ ஒட்டி இருந்தால் நேர்மையான போர்டு. 100க்கு வெகுவாகக் கீழே இருந்தால், திரையில் நீங்கள் பார்க்கும் வாட் எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

விஆர்எம்முக்கு வெப்ப சென்சார் எல்லா போர்டிலும் கிடையாது, மலிவானவற்றில் பெரும்பாலும் இருக்காது. இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் மாஸ்ஃபெட்களுக்கு நேர் பின்னால், போர்டின் முதுகுப்புறத்தில் அளந்து பாருங்கள். பளபளக்கும் ஹீட்சிங்கின் மேல் நேரடியாக அளந்தால் தவறாகக் குறைத்துக் காட்டும். மங்கலான டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். நீண்ட சுமையில் 80 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 80 முதல் 100 வரை தாங்கும். ஆனால் நாள் முழுக்க வீடியோ ரெண்டர் செய்பவருக்கு அந்த எல்லையை நான் பரிந்துரைக்கமாட்டேன். 100ஐத் தாண்டினால் இறங்கி வாருங்கள்.

படி 7: ரேமைக் கடைசியில் தொடுங்கள்

பிராசசரையும் ரேமையும் ஒரே நாளில் ஓவர்கிளாக் செய்தால், பிழை வரும்போது யார் மேல் குற்றம் என்று தெரியாது. பிராசசர் ஒரு நிலைக்கு வந்து சில நாள் ஒழுங்காக ஓடிய பிறகு ரேமுக்கு வாருங்கள்.

இங்கே போர்டின் தடை கண்ணுக்குத் தெரியாதது. சாக்கெட்டிலிருந்து ரேம் ஸ்லாட் வரை போகும் செம்புத் தடங்களின் நீளமும் அமைப்பும், போர்டில் எத்தனை அடுக்கு என்பதும் உச்ச வேகத்தைத் தீர்மானிக்கின்றன. இப்போதைய நான்கு ஸ்லாட் போர்டுகள் பெரும்பாலும் டெய்சி செயின் முறையில் வருகின்றன. சிக்னல் ஒரு ஸ்லாட்டைக் கடந்துதான் அடுத்ததற்குப் போகும். அதனால்தான் இரண்டு ரேம் மட்டும் போடும்போது சாக்கெட்டிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடச் சொல்கிறார்கள். முன் ஸ்லாட்டில் போட்டால், காலியாக நீளும் மிச்சத் தடத்தில் சிக்னல் மோதித் திரும்பி வந்து குழப்பும். நான்கு ரேம் போட்டால் எவ்வளவு பாரம் என்பதற்கு ஏஎம்டியின் சொந்த எண்ணே சாட்சி: ரைசன் 7000க்கு டிடிஆர்5 ரேம் இரண்டு என்றால் 5200, நான்கு என்றால் 3600. வேகம் வேண்டுமென்றால் இரண்டே பெரிய ரேமாக வாங்குங்கள்.

12ஆம் தலைமுறை இன்டெல்லில் கே இல்லாத பிராசசர் வைத்திருப்பவர்கள், மெமரி கன்ட்ரோலருக்கான விசிசிஎஸ்ஏ வோல்டேஜ் பூட்டியிருப்பதால் டிடிஆர்4 ரேமை ரொம்பத் தூரம் கொண்டுபோக முடியாது. அது போர்டின் குற்றமில்லை.

ரேம் செட்டிங் தவறினால் திரையே வராமல் போகும். இதற்குத் தயாராக இருங்கள். பயாஸ் செட்டிங்கை வைத்திருக்கும் சீமாஸை அழிக்கும் ஜம்பர் எங்கே என்று மேனுவலில் முன்பே பார்த்து வையுங்கள். ஜம்பர் இல்லையென்றால் மின் இணைப்பை எடுத்துவிட்டு சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைக்க வேண்டும். டிடிஆர்5 போர்டுகள் முதல்முறை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம்கூட எடுக்கும். கருந்திரையைப் பார்த்துப் பதறி நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

படி 8: சுவர் போர்டுதான் என்று தெரிந்தால்

விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள். ஆம்பியர்தான் தடை என்றால், ஆம்பியரைக் குறைத்து வேகத்தைக் கூட்டும் வழியைத் தேடுங்கள். அப்படி ஒரு வழி உண்மையிலேயே இருக்கிறது.

ரைசன் 5000 முதல், கோர்களின் வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் என்ற பயாஸ் தேர்வு இருக்கிறது. எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 கொடுத்துத் தொடங்கி, ஐந்து ஐந்தாக இறங்குங்கள். வோல்டேஜ் குறையும், அதே மின் வரம்புக்குள் பிராசசர் தானாக அதிக வேகம் எடுக்கும். பூட்டிய 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி போன்றவற்றிலும், பயாஸ் இடம் கொடுத்தால் இது நடக்கும். இதன் சோதனை வேறு மாதிரி: முழுச் சுமையில் ஒழுங்காக ஓடியது, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். அதனால் ஒவ்வொரு கோராகச் சோதிக்க வேண்டும். இன்டெல்லில் கே பிராசசரும் இசட் போர்டும் இருந்தால் மைனஸ் ஆஃப்செட் வோல்டேஜும், கோருக்குக் கோர் வேறு மல்டிப்ளையரும் கொடுக்கலாம். ஒன்றிரண்டு கோர் மட்டும் உச்ச வேகத்தில், மற்றவை கொஞ்சம் கீழே என்று வைத்தால் விஆர்எம்முக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். கேம் விளையாடுபவருக்கு இந்த ஏற்பாடு நிறையவே போதும்.

என் பழைய போர்டில் கடைசியில் நான் செய்தது இதுதான். 4.1ஐ விட்டுவிட்டு 3.9 கிகாஹெர்ட்ஸுக்கு வந்தேன், வோல்டேஜ் 1.35இலிருந்து 1.22க்கு இறங்கியது. மாஸ்ஃபெட்களுக்கு நேராக 80 மில்லிமீட்டர் விசிறி ஒன்றைக் கட்டினேன். ரெண்டர் முடியும் நேரம் 4.1இல் எடுத்ததைவிடக் குறைந்தது, ஏனென்றால் நடுவில் வேகம் ஒருமுறைகூட விழவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் பிறகு நான்கு வருடம் அதே செட்டிங்கில் ஓடியது.

மாஸ்ஃபெட்களின் மேல் ஒட்டும் சின்ன ஹீட்சிங்க் துண்டுகளும் கிடைக்கின்றன. ஒட்டலாம், ஆனால் சூட்டில் பசை இளகி கிராஃபிக்ஸ் கார்டின் முதுகில் விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும். நிமிர்ந்து நிற்கும் கேஸில் நான் விசிறியையே தேர்ந்தெடுப்பேன்.

போர்டை மாற்றுவது பற்றி: 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் பிராசசர் கையில் இருந்து, முழுச் சுமை வேலையே உங்கள் அன்றாடமாக இருந்து, இயல்பான வேகத்திலேயே விஆர்எம் வெப்பத்தால் விழுகிறது என்றால் மாற்றுங்கள். 65 வாட் பிராசசருக்கு, அதுவும் கேம் மட்டும் விளையாட, 16 ஃபேஸ் போர்டு வாங்குவதில் பயன் எதுவும் இல்லை. அந்தப் பணம் ஒரு படி மேலான பிராசசருக்குப் போகட்டும். வாங்கும்போது ஃபேஸ் எண்ணைப் பார்ப்பதற்கு முன், அந்த போர்டில் உங்கள் பிராசசரையோ அதற்கு மேற்பட்டதையோ மாட்டி, முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓட்டி, விஆர்எம் வெப்பத்தை அளந்து வெளியிட்ட சோதனை ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். சோதனை நடந்த அறையின் வெப்பநிலையையும் பாருங்கள். 21 டிகிரி அறையில் 75 வந்த விஆர்எம், 35 டிகிரி அறையில் 90ஐ ஒட்டி நிற்கும்.